மறதி நோயுற்ற முதியோரின் வாய்ச் சுகாதாரம்

நமது சங்கங்களின் அங்கத்தினர் பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்போர், அறுபது வயதைக் கடந்தவர்களின் பெயர்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருவதைக் காண்பர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேற்பட்டோர் அறுபது வயதை எய்தியவர்கள். இந்தியா முழுவதற்கும் உரிய விகிதம் நூற்றுக்கு எட்டரை அளவே. ஆயுள் நீண்டிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. எனினும், நீண்ட ஆயுளுடன் சேர்ந்து வரும் சில துன்பங்களை எதிர்கொள்ள நமது குடும்பங்கள் இன்னும் பழகிக் கொள்ளவில்லை. அவற்றுள் ஒன்று மறதி நோய். அந்நோயுற்ற முதியோரின் வாயையும் பற்களையும் தூய்மையாக வைத்திருப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கடன், உரம், நூல், கூலி ஆகியவற்றைப் பற்றி எழுத வேண்டிய ஏட்டில் பல் துலக்குவதைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். நீடாமங்கலம் வட்டாரத்தில் தணிக்கையின் பொருட்டுச் சங்கம் சங்கமாகச் செல்லும் எனக்கு, அங்கத்தினர் குடும்பங்களின் நிலையை அறியும் வாய்ப்பும் உண்டு. வீட்டில் ஒரு முதியவர் நினைவிழந்து கிடக்கையில், அவரைக் காக்க இன்னொருவர் வயலையோ தறியையோ விட்டு வீட்டில் இருக்க நேர்கிறது. தவணை தவறுகிறது, மருத்துவச் செலவுக்கு நகை அடகுக்குப் போகிறது. அச்செலவிலும் அவ்வேதனையிலும் ஒரு பகுதி, நாள்தோறும் சில நிமிஷங்கள் செலவிட்டால் தடுக்கக் கூடியதாகும். ஆகவே இப்பொருள் சங்கத்திற்குப் புறம்பானது அன்று.

நோயின் தன்மை

மருத்துவர்கள் டிமென்ஷியா என்று வழங்கும் இந்நிலை ஒரே நோய் அன்று. மூளையைத் தாக்கும் பல நோய்களால் நினைவும், சொல்லும், செயலும் சிறிது சிறிதாகக் குன்றும் நிலையே அது. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவதை ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906-ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரித்தார். அதனால் அது அவர் பெயராலேயே வழங்கி வருகிறது. மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபடுவதாலும் மறதி நோய் நேர்வதுண்டு. இரத்த அழுத்தமும் நீரிழிவும் அடங்காதிருப்போர்க்கு அவ்வாபத்து மிகுதி.

இது மேல்நாட்டாருக்கே உரிய நோய் என்று ஒரு காலத்தில் எண்ணினர். சென்னையில் 1984-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘ஸ்கார்ஃப்’ என்னும் மனநல ஆராய்ச்சி நிறுவனத்தார், திருப்போரூர்ப் பகுதிக் கிராமங்களில் அறுபது வயதைக் கடந்தோரை ஆராய்ந்தனர். நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு இந்நோய் இருக்கக் கண்டனர். 1997-இல் அம்முடிவு வெளியாயிற்று. 2023-இல் வெளியான அகில இந்திய ஆய்வொன்று, நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டுள்ளது. ஆகவே நமது கிராமங்களில் இந்நோய் இல்லை என்று எவரும் கருத வேண்டாம். ‘வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது’ என்ற ஒரு சொல்லில் அடங்கி, அது கண்ணில் படாமல் இருக்கிறது, அவ்வளவே.

வாயில் நேர்வது என்ன?

பல் துலக்குவது மிக எளிய வேலை என்று நாம் நினைக்கிறோம். சற்று ஆராய்ந்தால் அதனுள் பல படிகள் அடங்கியிருப்பது புலனாகும். துலக்க வேண்டும் என்ற நினைவு வரவேண்டும், பிரஷை எடுக்க வேண்டும், பசையை அளவாக வைக்க வேண்டும், எல்லாப் பக்கமும் தேய்க்க வேண்டும், உமிழ வேண்டும், கொப்பளிக்க வேண்டும். நோய் முற்ற முற்ற இப்படிகளில் ஒவ்வொன்றாக விடுபட்டுப் போகிறது. கையில் பிரஷைக் கொடுத்தால், அதனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று விளங்காமல் அவர் விழிப்பார். சிலர் பசையை விழுங்கிவிடுவர்.

இதனுடன் வேறு காரணங்களும் சேர்கின்றன. மென்ற சோறு கன்னத்தின் ஓரத்தில் தங்கிவிடுகிறது. அதனை நாவால் துழாவி விழுங்கும் பழக்கம் மறந்து போகிறது. இரத்த அழுத்தத்திற்கும், உறக்கத்திற்கும், மனச்சோர்வுக்கும் உட்கொள்ளும் மருந்துகளிற் பல, உமிழ்நீரைக் குறைத்து வாயை உலர்த்திவிடுகின்றன. உமிழ்நீரே பற்களின் இயற்கைக் காவல். அது வற்றினால் பற்சிதைவு விரைகிறது. நோயுற்றோர் பலருக்கு இனிப்பின் மீது விருப்பம் பெருகுகிறது. மகிழ்ச்சியாக உண்கிறாரே என்று குடும்பத்தார் மிட்டாயும் இனிப்பு பிஸ்கட்டும் அடிக்கடி தருகின்றனர். இவை யாவும் சேர்ந்து சில மாதங்களிலேயே வாயைப் பாழாக்கிவிடுகின்றன.

எல்லாவற்றினும் பெரிய இடர், வலியைச் சொல்ல இயலாமையே. நமக்குப் பல் வலித்தால் வீடே அறியும். மறதி நோயுற்றவருக்கோ, வலி எங்கே இருக்கிறது என்று சுட்டவும் சொல் வருவதில்லை. அவ்வலி வேறு உருவத்தில் வெளிப்படுகிறது.

நீடாமங்கலத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், சங்கத்தின் நெடுநாளைய அங்கத்தினர் ஒருவர். தம் கணக்கை மட்டுமின்றித் தெருவார் கணக்கையும் ஏடு பாராமலே சொல்லக் கூடியவராய் இருந்தவர். நோய் முற்றிய பின் ஒரு சமயம் அவர் உண்ண மறுத்தார். தட்டைத் தள்ளினார், இரவில் எழுந்து உலவினார், ஊட்ட வந்த மருமகள் மீது கையை ஓங்கினார். பிடிவாதம் என்றனர் சிலர். நோயின் அடுத்த கட்டம் என்றனர் வேறு சிலர். இறுதியில் பல் வைத்தியர் ஒருவர் டார்ச் விளக்கைப் பிடித்து வாயைப் பார்த்தபோது, கடைவாய்ப் பல் ஒன்றின் வேரில் சீழ் கட்டியிருந்தது தெரிந்தது. பல்லை அகற்றிய சில நாட்களில் அவர் கஞ்சி குடித்தார், கோபமும் தணிந்தது. ஒரு வாரத்திற்கு மேலாக அவர் தமக்குத் தெரிந்த ஒரே வழியில், ‘வலிக்கிறது’ என்று சொல்லிக் கொண்டிருந்தார். அது எவருக்கும் விளங்கவில்லை.

ஆகவே பின்வரும் அறிகுறிகளைக் கண்டால், முதலில் வாயைப் பார்க்க வேண்டும்: திடீரென்று உணவை மறுத்தல், சூடானதையும் குளிர்ந்ததையும் கண்டு முகம் சுளித்தல், ஒரு பக்கமாகவே மெல்லுதல், கன்னத்தையோ தாடையையோ அடிக்கடி தடவுதல், பல் செட்டை அணிய மறுத்தல் அல்லது பிடுங்கி எறிதல், காரணமின்றிச் சினத்தல், உறக்கமின்மை, வாயில் புதிதாகத் துர்நாற்றம், முகத்தில் வீக்கம்.

வாயிலிருந்து நுரையீரலுக்கு

பல் போனால் போகட்டும், இவ்வயதில் பல் எதற்கு என்று கூறுவோர் உளர். கேடு பல்லுடன் நின்றுவிடுவதில்லை என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

மறதி நோய் முற்றியோர்க்கு விழுங்கும் திறனும் குன்றுகிறது. உணவும் உமிழ்நீரும் உணவுக் குழாய்க்குள் செல்லாமல், சிறிது சிறிதாக மூச்சுக் குழாய்க்குள் இறங்குகின்றன. வாய் தூய்மையாக இருந்தால் தீங்கு குறைவு. பல்லிடுக்கில் அழுக்குப் படிந்து கிருமிகள் பெருகியிருந்தால், அவையும் உடன் இறங்கி நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சியை உண்டாக்குகின்றன. இந்நோயாளரின் மரணத்திற்கு முக்கியமான காரணங்களில் நிமோனியாவும் ஒன்று. தலை மதகில் புகுந்த குப்பை கடைமடை வரை செல்வதைக் காணும் நமக்கு, இதனை விளங்கிக் கொள்வது கடினமன்று.

ஜப்பான் நாட்டில் முதியோர் இல்லங்கள் பதினொன்றில் யோனெயாமா என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் நடத்திய ஆராய்ச்சி 2002-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பிரிவினர்க்கு ஒவ்வோர் உணவிற்குப் பின்னும் ஊழியர் பல் துலக்கி விட்டனர். மற்றப் பிரிவினர் வழக்கம் போல் விடப்பட்டனர். இரண்டு ஆண்டுகளில், துலக்கி விடப்படாதவர்களில் நூற்றுக்கு 19 பேரும், துலக்கி விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 11 பேரும் நிமோனியாவுக்கு ஆளாயினர். நிமோனியாவால் நேர்ந்த இறப்பும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பின்னர் அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்து முதியோர் இல்லங்களில் நிகழ்ந்து 2020-இல் வெளியான ஆராய்ச்சியில் இவ்வளவு பெரிய நன்மை தென்படவில்லை; முதலாண்டில் குறைந்த நிமோனியா இரண்டாம் ஆண்டில் அவ்வாறு குறையவில்லை. இவ்வேலையைச் சில மாதம் செய்து நிறுத்துவதை விட, சிறிதளவாயினும் நாள் தவறாமல் செய்வதே முறை என்பதை இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் நாம் உணரலாம்.

எதிர்ப்பு பிடிவாதம் அன்று

வீட்டில் இருப்போர் கூறும் முதற் குறை, ‘வாயைத் திறக்கவே விடுவதில்லை’ என்பதாகும். வாயை இறுக மூடுகிறார், தலையைத் திருப்புகிறார், பிரஷைக் கடிக்கிறார், சில வேளை அடிக்கவும் செய்கிறார். இதற்குக் காரணம் என்ன?

அவர் இடத்திலிருந்து எண்ணிப் பார்ப்போம். எதிரே நிற்பவர் தம் மருமகள் என்பது அவருக்கு அவ்வேளையில் நினைவில் இல்லை. யாரோ ஒருவர் விரைந்து வந்து, புரியாத பொருள் ஒன்றைத் தம் வாய்க்குள் திணிக்க முயல்வதாகவே அவருக்குத் தோன்றுகிறது. தம்மைக் காத்துக் கொள்ளவே அவர் எதிர்க்கிறார். அமெரிக்காவைச் சேர்ந்த செவிலிய ஆராய்ச்சியாளர் ரீட்டா ஜப்லான்ஸ்கி இவ்வச்சத்தையே அடிப்படையாகக் கொண்டு, அச்சத்தைக் குறைத்தால் எதிர்ப்பும் குறையும் என்னும் முறையை வகுத்தார். அம்முறையின் சாரத்தை நமது இல்லங்களுக்கு ஏற்பப் பின்வருமாறு கூறலாம்.

முதலாவது, பின்புறமாகவோ பக்கவாட்டிலோ திடீரென வராமல், அவர் காணும்படி எதிரே வந்து, அவர் கண்மட்டத்திற்கு அமர்ந்து, முகமலர்ச்சியுடன் தொடங்குதல் வேண்டும். ‘மாமா, சாப்பிட்டாயிற்று, வாய் அலம்பலாம் வாருங்கள்’ என்று வழக்கமான உறவுமுறை சொல்லி அழைக்க வேண்டும். குழந்தையிடம் கொஞ்சுவது போலவோ, அதட்டியோ பேசலாகாது. நினைவு போனாலும் மான உணர்வு போவதில்லை.

இரண்டாவது, ஒரு வேளைக்கு ஒரு சொல். ‘எழுந்து வந்து பிரஷை எடுத்துத் துலக்குங்கள்’ என்றால் அவருக்கு எதுவும் விளங்காது. ‘இதைப் பிடியுங்கள்’ என்று சொல்லிப் பொறுத்திருந்து, பின்னர் அடுத்ததைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, சொல்லை விடச் செய்கை நன்று. நாமும் ஒரு பிரஷை எடுத்து அவர் எதிரே துலக்கிக் காட்டினால், அதனைப் பார்த்து அவரும் செய்வதுண்டு. கண்ணாடி முன் நிறுத்துவது சிலருக்கு உதவும். தம் உருவத்தை அயலார் என்று அஞ்சுவோர்க்கு அதனைத் தவிர்க்க வேண்டும்.

நான்காவது, கைமேல் கை. அவர் கையில் பிரஷைக் கொடுத்து, அக்கையின் மேல் நம் கையை வைத்து மெல்ல இயக்க வேண்டும். பல்லாண்டுப் பழக்கம் கைக்குள் உறைந்திருக்கிறது; தொடக்கம் கிட்டினால் சில வேளை கை தானே தொடரும். ஐம்பது ஆண்டுகள் நாடா ஓட்டிய நெசவாளருக்கு ஊரின் பெயர் மறந்து போனாலும், தறியில் அமர்த்தினால் கால் மிதியைத் தேடுவது போன்றதே இது.

ஐந்தாவது, மற்றொரு கைக்கு வேலை. ஒரு துண்டையோ, அவருக்குப் பழகிய ஏதேனும் பொருளையோ மறு கையில் கொடுத்தால் மனம் அதிற் பதிந்து எதிர்ப்புக் குறையும். அவர் விரும்பும் பாட்டை மெல்லப் பாடுவதும் பயன் தரும்.

ஆறாவது, இன்று இல்லையேல் நாளை. கடுமையாக எதிர்த்தால் விட்டுவிட்டு, அரை மணி கழித்து வரலாம். அல்லது வேறொருவர் முயலலாம். மகளுக்கு இணங்காதவர் பேரனுக்கு இணங்குவதைக் காண்கிறோம். பலவந்தமாக வாயைத் திறத்தல் ஒருபோதும் கூடாது. அன்றைய சண்டையை அவர் மறந்துவிடலாம். ஆனால் பிரஷைக் கண்டவுடன் எழும் அச்சம் மட்டும் தங்கிவிடும்.

செய்முறை

வேண்டிய பொருள்கள் சிலவே: மிருதுவான தூவிகள் உள்ள, தலை சிறிய பிரஷ் (சிறுவர்க்குரியது போதும்), ஃப்ளோரைடு கலந்த பற்பசை, ஒரு துண்டு, ஒரு குவளை நீர், உமிழ ஒரு படிக்கம் அல்லது கிண்ணம், நல்ல வெளிச்சம். உதவி செய்பவர் முன்னும் பின்னும் சோப்பினால் கைகளைக் கழுவுதல் வேண்டும். மெல்லிய கையுறை இருப்பின் இன்னும் நன்று.

1. நாள்தோறும் ஒரே நேரம், ஒரே இடம். நாளுக்கு இருமுறை துலக்குவதே முறை. அவற்றுள் இரவு உணவுக்குப் பிந்தியது முக்கியமானது. ஆயினும் பொழுது சாயும் நேரத்தில் சிலருக்குக் குழப்பம் மிகும். அத்தகையோர்க்குக் காலையில் ஒருமுறையேனும் செவ்வனே துலக்குதல் போதுமான தொடக்கமாகும்.

2. நாற்காலியில் நிமிர்ந்து அமர்த்த வேண்டும். தலையைப் பின்னால் சாய்க்கலாகாது. முகவாய் சற்றே தாழ்ந்திருக்கட்டும். தலை பின்னால் சாய்ந்தால் நீர் மூச்சுக் குழாய்க்குள் இறங்கும்.

3. துலக்குமுன், கன்னங்களின் உட்புறம் உணவு தங்கியிருக்கிறதா என்று பார்த்து, ஈரத் துணியால் வழித்தெடுக்க வேண்டும்.

4. பசை ஒரு பட்டாணி அளவு போதும். உமிழத் தெரியாதவர்க்குத் தூவியில் தடவினாற் போன்ற அளவே வேண்டும்.

5. முதலில் உதட்டை மெல்ல விலக்கி, முன்பற்களின் வெளிப்புறத்தில் தொடங்குக. பல்லும் ஈறும் சேரும் கோட்டின் மீது பிரஷை வைத்துச் சிறு வட்டங்களாகத் தேய்க்க வேண்டும். பின்பு கடைவாய், அதன்பின் உட்புறம், இறுதியில் நாக்கு. வாய் திறக்காவிடில் வெளிப்புறம் மட்டும் துலக்கினாலும் அன்றைக்கு அது நன்மையே.

6. பற்களுக்கிடையே விரலை நுழைக்கலாகாது. கடிக்க வேண்டும் என்று அவர் எண்ணாவிடினும் தாடை தானே இறுகும். பிரஷைக் கடித்துக் கொண்டால் இழுக்காமல், தாடையை வெளிப்புறமாக மெல்லத் தடவிக் கொடுத்துப் பொறுத்திருந்தால் விடுவார்.

7. உமிழச் சொல்லி, நாமும் உமிழ்ந்து காட்ட வேண்டும். இயலாதவர்க்கு நனைத்துப் பிழிந்த துணியால் வாயைத் துடைத்தெடுக்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் காஸ் துணியோ, துவைத்து உலர்த்திய பழைய மல் வேட்டித் துணியோ இதற்கு ஏற்றது. நூல் பிரியும் துணி ஆகாது.

8. ஈற்றில் சிறிது இரத்தம் கசிந்தால் அஞ்சித் துலக்குவதை நிறுத்த வேண்டாம். பெரும்பாலும் அது அழுக்குப் படிந்த ஈறு வீங்கியிருப்பதன் அடையாளமே. நாள்தோறும் மெல்லத் துலக்கிவரக் குறையும். ஒரு வாரம் இரண்டு வாரத்தில் நிற்காவிடினும், இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவராயினும் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

பிரஷை மூன்று மாதத்திற்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும். உணவு உண்டு முடித்த பின் அரை மணி நேரமாவது அவரைப் படுக்க விடாமல் அமர்த்தி வைப்பதும் நிமோனியாவைத் தடுக்க உதவும்.

பல் செட்டும் படுக்கையில் இருப்போரும்

பல் செட்டு அணிபவர்க்குத் துலக்க என்ன இருக்கிறது என்று எண்ணுவது தவறு. நாள்தோறும் அதனைக் கழற்றிச் சாதாரண சோப்பும் பிரஷும் கொண்டு கழுவ வேண்டும். கைதவறி விழுந்தால் உடையும். ஆதலால் நீர் நிறைந்த பாத்திரத்தின் மேலே பிடித்துக் கழுவுக. இரவில் அதனைக் கழற்றி, பச்சைத் தண்ணீரில் இட்டு வைக்க வேண்டும். வெந்நீரில் இட்டால் வடிவம் கெடும். செட்டு நீங்கிய ஈறுகளையும் அண்ணத்தையும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். அதன் அடியில் வெண்படலமோ செந்நிறப் புண்ணோ கண்டால், அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். நீரிழிவு உள்ளோர்க்கு இது எளிதில் வரும். மேலும், நோயாளிகள் செட்டைக் கழற்றித் தலையணை உறையிலோ, குப்பையிலோ போட்டுவிடுவதுண்டு; காணாமற் போனால் முதலில் அங்கே தேடுக. உடைந்த செட்டை அணிவிக்கலாகாது. துண்டு தொண்டையில் சிக்கக்கூடும்.

எழ இயலாதவரை மல்லாத்திப் படுக்க வைத்து வாயைக் கழுவுதல் ஆபத்தானது. தலையணைகளால் தலையையும் மார்பையும் உயர்த்தி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, கன்னத்தின் கீழ்த் துண்டை விரித்து, ஈரப்பதமான பிரஷாலும் துணியாலும் தூய்மை செய்ய வேண்டும். வாய்க்குள் நீரை ஊற்றலாகாது. உலர்ந்த உதட்டிற்குச் சிறிது தேங்காயெண்ணெயையோ வாசலினையோ மெல்லத் தடவலாம்.

நமது வழக்கங்கள்

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்று நம் முன்னோர் கூறினர். தம் கையால் மென்று துலக்கும் திறன் உள்ள வரையில் வேப்பங்குச்சியை அவரிடமிருந்து பிடுங்க வேண்டியதில்லை. பழகிய பொருள் என்பதே ஒரு துணை. ஆனால், நாம் அவர்க்குத் துலக்கி விடும்போது குச்சி ஏற்றதன்று. நார் பிரிந்து தொண்டையில் ஒட்டும், ஈற்றைக் கீறும். செங்கற்பொடி, சாம்பல், அடுப்புக்கரி, கல்லுப்பு ஆகியவை பல்லின் மேற்பூச்சையே தேய்த்துவிடும். வயது முதிர்ந்து ஈறு இறங்கியவர்க்கு இவை இன்னும் தீங்கானவை.

நல்லெண்ணெய் கொப்பளிக்கும் வழக்கமும் நம்மிடையே உண்டு. திடமாக இருப்பவர் செய்வது வேறு. விழுங்கும் திறன் குன்றியவர் வாயில் எண்ணெயை விடுதல் வேறு. அந்த எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் பெருந் தீங்கு விளையும். ஆகவே மறதி நோயுற்றவர்க்கு இது கூடவே கூடாது.

வெற்றிலைப் பாக்கைப் பற்றியும் கூற வேண்டும். காவிரிப் பாசனப் பகுதியில் வெற்றிலை மடிக்காத முதியவர் வீடு அரிது. கொடிக்கால் பயிரிடுவோரும் நம் அங்கத்தினரே. ஆயினும் உண்மையை மறைப்பதற்கில்லை. புகையிலை வாய்ப் புற்றுநோயை விளைப்பது. பாக்கும் தனித்தே புற்றுநோய்க்குக் காரணமாவது என்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் முடிவு செய்துள்ளது. மறதி நோயுற்றவரோ அடக்கிய தாம்பூலத்தைத் துப்ப மறந்து, அதனுடனேயே உறங்கிவிடுவார். பாக்குத் துண்டு மூச்சை அடைக்கவும் கூடும். புகையிலையை அடியோடு விலக்குவதே நன்று. வெற்றிலைப் பெட்டியைத் தேடி மனம் கலங்குபவர்க்கு, பெட்டியை மடியில் வைத்துக் கொள்ள விட்டு, பாக்கும் சுண்ணாம்பும் இல்லாத வெறும் வெற்றிலையை நம் கண் முன்னே மெல்லக் கொடுத்து, பின்பு வாயைத் துடைத்துவிடலாம். விழுங்குவதில் தடுமாற்றம் உள்ளவர்க்கு அதுவும் வேண்டாம்.

வைத்தியர் உதவி

நோய் தொடங்கிய காலத்திலேயே பல் வைத்தியரிடம் ஒருமுறை காட்டுதல் மிக இன்றியமையாதது. அப்போது அவர் நாற்காலியில் அமர்ந்து ஒத்துழைப்பார். சொத்தையை அடைக்கவும், காக்க இயலாத பல்லை அகற்றவும், ஃப்ளோரைடு பூச்சு இடவும் முடியும். நோய் முற்றிய பின் அதே வேலை பன்மடங்கு கடினமாகும். தறியில் அறுந்த இழையை அப்பொழுதே முடிந்துவிட்டால் துணி கெடுவதில்லை அன்றோ? செல்லும்போது, உண்ணும் மருந்துச் சீட்டுகள் யாவற்றையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். அவர் தெளிவாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்து போக வேண்டும். இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, முகவீக்கமோ, காய்ச்சலுடன் இருமலோ கண்டால் காலம் தாழ்த்தலாகாது.

இருபது முப்பது மைல் சுற்றளவுக்குள்ளாகத் திருவாரூரில் 2010-ஆம் ஆண்டு தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும், தஞ்சையில் 1959-ஆம் ஆண்டு முதல் நடைபெறும் மருத்துவக் கல்லூரியும் நமக்கு உள்ளன. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர் வீட்டிற்கு வரும்போது, இரத்த அழுத்தத்தைப் பற்றிக் கூறுவதுடன் முதியவரின் வாயின் நிலையையும் கூறுக. முதியோர் உதவிக்கென 14567 என்னும் தொலைபேசி எண்ணும், மனநல ஆலோசனைக்கென 2022-இல் தொடங்கப்பெற்ற 14416 என்னும் எண்ணும் உள்ளன.

சங்கத்தின் கடமை

இவ்வளவையும் செய்பவர் யார்? பெரும்பாலும் வீட்டின் மருமகளோ மகளோ தான். அவரே சமைக்கிறார், நடவுக்குச் செல்கிறார், தார் சுற்றுகிறார். இரவில் முதியவருடன் விழித்தும் இருக்கிறார். பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் கடல் கடந்தும் பணியில் இருக்கின்றனர். வாயைத் துடைப்பது பெண்களின் வேலை என்று ஆடவர் ஒதுங்குவது முறையன்று. தம்மைத் தோளில் சுமந்த தந்தையின் வாயைத் துடைத்துவிடுவதில் மகனுக்கு இழிவு ஏதும் இல்லை. நாளில் ஒருவேளையை அவர் ஏற்றால், மற்றவேளையை முகம் சுளிக்காமல் செய்யும் வலிமை அப்பெண்ணுக்கு வரும்.

சங்கங்களும் செய்யத் தக்கவை உண்டு. நவம்பர் 14-இல் தொடங்கும் கூட்டுறவு வாரத்தில் கொடியேற்றமும் சொற்பொழிவும் நடத்துகிறோம். அவற்றுடன் அரசுப் பல் வைத்தியர் ஒருவரை அழைத்து, முதிய அங்கத்தினர்க்கு வாய்ப் பரிசோதனையும், வீட்டாருக்குச் செய்முறை விளக்கமும் ஏற்பாடு செய்யலாம். உலக மறதி நோய் நாளாகிய செப்டம்பர் 21 இதற்குப் பொருத்தமான மற்றொரு நாள். பேரவைக் கூட்டத்திற்கு வழக்கமாக வரும் முதியவர் வராதிருந்தாலோ, கையெழுத்திடத் தடுமாறினாலோ, செயலாளர் அதனைக் குறித்துக் கொண்டு குடும்பத்தை விசாரிக்கலாம். ஒரு தெருவில் இவ்வாறு இரு வீடுகள் இருப்பின், ஒரு வீட்டார் வெளியே செல்லும் நாளில் மற்ற வீட்டார் பார்த்துக் கொள்ளலாம். இதற்குச் சட்டத்திருத்தமோ பங்குத் தொகையோ வேண்டியதில்லை. ஒருவர்க்காக எல்லோரும், எல்லோர்க்காகவும் ஒருவர் என்பது சங்கப் பலகையில் எழுதி வைப்பதற்கு மட்டும் உரிய வாசகம் அன்று.

நமது சங்கங்களில் பல, இன்று நினைவிழந்து திண்ணையில் அமர்ந்திருக்கும் இப்பெரியோர்கள் கொடுத்த சிறு பங்குத் தொகையால் வளர்ந்தவை. அவர்கள் அதனை மறந்திருக்கலாம், நாம் மறக்கலாகாது. இக்கட்டுரையைப் படித்த அங்கத்தினர்கள் இன்றிரவு உணவுக்குப் பின், தம் வீட்டு முதியவரின் அருகில் அமர்ந்து, நல்ல வெளிச்சத்தில் அவர் வாயை ஒருமுறை பார்ப்பார்களாயின், அதுவே போதுமான தொடக்கமாகும். பார்த்தபின் செய்ய வேண்டியது தானே விளங்கும்.